கூரை வேய்ந்த பாலம்: மரம் நிலைக்கும் முறை பற்றி ஓர் ஆராய்ச்சி

திருத்தணி மலையின் அடிவாரத்தில், நந்தியாற்றங்கரையில், பல்லவ அரசன் அபராஜிதவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில், நம்பி அப்பி என்பவர் கருங்கல்லால் எடுப்பித்த வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. மலைமேல் உள்ள முருகனைச் சேவிக்க ஆண்டுதோறும் வந்து குவியும் யாத்திரிகருள் மிகச் சிலரே திரும்பிப் பார்க்கும் அச்சிறு கோயில், சிற்ப சாஸ்திரம் பயின்றோர் தூங்கானை மாடம் என்று வழங்கும் வடிவில், பின்புறம் யானையின் உடல்போல் வளைந்து நிற்பது. கல்லை வளைத்துக் கட்டுவதில் சௌகரியம் ஒன்றுமில்லை. வளையும் இயல்புடைய மூங்கிலையும் மரச்சட்டத்தையும் கொண்டு கூரை அமைத்துப் பழகிய தச்சரின் கைவழக்கத்தையே கல்தச்சரும் பின்பற்றினர் என்பதற்கு இவ்வடிவம் கண்கூடான சான்று. நம் கோயில்களில் காணும் கொடுங்கையும் கூடும் போதிகையும் உத்திரமும் மரத்தில் பிறந்து கல்லில் குடியேறியவை. மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் தான் குடைவித்த கோயிலைச் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இன்றி ஆக்கியதாகப் பெருமிதத்தோடு சாசனத்தில் பொறித்து வைத்திருப்பதைக் கொண்டு, அவனுக்கு முன் தமிழ்நாட்டுத் தேவாலயங்கள் அப்பொருள்களாலேயே ஆகி வந்தன என்று சரித்திர ஆசிரியர்கள் கொள்வதும் பொருத்தமே.

அந்த மர நிர்மாணங்களில் ஒன்றேனும் இன்று நம்மிடம் இல்லை. மழையும் கறையானும் தீயும் அவற்றை உண்டன. கல் மட்டும் எஞ்சியது. எஞ்சியதையே கண்டு பழகிய நாம், கல் நிலையானது, மரம் அநித்தியமானது என்று ஒரு தீர்ப்பை மனத்தில் எழுதிக்கொண்டு, மரத்தால் ஆனதைக் காப்பாற்றும் பொறுப்பிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொண்டோம். ஆனால், மரம் மிக எளிதில் அழியக்கூடிய இடம் எதுவோ அந்த இடத்திலேயே, அதாவது ஓடும் நீருக்கு மேலே, மழைக்கும் ஆற்றின் ஈரக்காற்றுக்கும் நடுவே, நூற்றாண்டுக் கணக்கில் நின்றுவரும் மரப்பாலங்கள் உலகில் உண்டு. அவை எவ்வாறு நிற்கின்றன என்று விசாரித்தால், நம்முடைய தீர்ப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

போகொடப் பாலம்

அத்தகைய பாலம் ஒன்றைக் காணத் தமிழர் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. திருத்தணியைப் பாடிய அருணகிரிநாதர் கதிர்காமத்தையும் பாடினார். அந்தக் கதிர்காமம் அமைந்துள்ள இலங்கையின் ஊவா மாகாணத்திலேயே, பதுளை மாவட்டத்தில், ஹாலிஎலைக்கு அருகே, கல்லந்த ஓயா என்னும் மலையாற்றின் குறுக்கே போகொட மரப்பாலம் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டு வரும் மலையகத் தமிழர் வாழும் பிரதேசம் அது. இலங்கையில் இன்று எஞ்சியுள்ள மரப்பாலங்களுள் இதுவே மிகப் பழமையானது என்று கூறுவர்.

பாலத்தின் நீளம் சுமார் 15 மீட்டர். அகலம் 2 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதன் நீளம் முழுவதையும் மூடி, ஏறத்தாழ 2.4 மீட்டர் உயரத்தில், கண்டி நாட்டுப் பாணியில் ஓடு வேய்ந்த கூரை நிற்கிறது. ஆற்றுக்குள் நிறுத்திய பெரும் அடிமரங்கள் பாரத்தைத் தாங்க, அவற்றின் மேல் உத்திரமும் பலகைத் தளமும், இரு மருங்கிலும் சித்திர வேலைப்பாடுள்ள கைப்பிடிச் சட்டங்களும், அவற்றை ஒட்டி எழும் தூண்களும் அமைந்துள்ளன. ஆணியும் மரத்தாலேயே ஆனது. இணைப்புகளில் இரும்பு இல்லை. பலாவும் மருதும் இதற்குப் பயன்பட்ட மரங்களுள் முக்கியமானவை. மருது இயல்பாகவே ஆற்றங்கரையில் வேரூன்றி நீரோடு பழகி வளர்வது. பலாவின் மஞ்சள் நிற வைரமோ பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் எளிதில் இடங்கொடாதது. இவ்விரண்டையும் தேர்ந்தவர்கள் தாம் கட்டவிருப்பது எங்கே நிற்கப்போகிறது என்பதை முதலில் சிந்தித்தவர்கள் என்பது தெளிவு.

பாலத்தை ஒட்டி ஒரு பௌத்த விகாரை உண்டு. அதன் தொன்மையை வலகம்பா அரசன் காலத்துக்கு, அதாவது கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்ட முதல் நூற்றாண்டுக்குக் கொண்டு செல்வது மரபு. அங்குள்ள பாறையில் பிராமி எழுத்துச் சாசனம் ஒன்றும் காணப்படுகிறது. பாலத்தின் வயதைப் பற்றியோ இருவேறு பேச்சு வழங்குகிறது. 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்பது பெருவழக்கு. தம்பதெனியா அரசர் காலத்தது என்பதும் அதனோடு சேர்த்தே சொல்லப்படும். தம்பதெனியாவில் அரசு வீற்றிருந்தது 13ஆம் நூற்றாண்டில் ஆகையால், இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் இயலாது. ஆயினும் இம்முரண்பாட்டிலிருந்து ஓர் உண்மையை நாம் அறிந்துகொள்ளலாம். மரப்பாலத்தில் ஒரு பலகை இற்றால் மற்றொன்று இடப்படும். ஓடு உடைந்தால் மாற்றப்படும். தூணின் அடி நைந்தால் புதுக்கட்டை கொடுத்து ஒட்டப்படும். ஆதலின் அதற்குக் கல்வெட்டுப்போல் ஒரே பிறந்த தேதி சொல்வது அரிது; அதன் வயது அதன் அமைப்பின் வயதேயன்றி, அதில் உள்ள ஒவ்வொரு கட்டையின் வயதும் அன்று. இக்கருத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

பதுளையையும் கண்டியையும் இணைத்த பழைய பாதையில் இப்பாலம் இருந்தது. அதே மாவட்டத்தில், எல்லாவுக்கும் தெமோதரைக்கும் இடையே, 1921இல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவு ரயில் பாலத்தைக் காண இன்று உலகெங்கிலுமிருந்து பிரயாணிகள் வருகின்றனர். அதற்கு நூற்றாண்டுகள் முற்பட்ட போகொடப் பாலத்துக்கோ வருவோர் சிலரே.

மரவேலையில் கண்டி நாட்டினர் எய்தியிருந்த தேர்ச்சியைப் பற்றி ஐயம் கொள்வோர், கண்டிக்கு அருகிலுள்ள எம்பெக்கே தேவாலயத்தைப் பார்த்தல் வேண்டும். 14ஆம் நூற்றாண்டில், கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் தோன்றிய அக்கோயில் கதிர்காமத் தெய்வத்துக்கே உரியது. அதன் முன்மண்டபத் தூண்களில் உள்ள மரச்சிற்பங்கள் புகழ்பெற்றவை. அவற்றினும் வியப்புக்குரியது, கூரையின் ஒரு முனையில் வந்து கூடும் 26 கைமரங்களை ஒரே ஒரு பெரிய மரமுளை பிணைத்து நிறுத்தியிருப்பதாகும். திருத்தணியில் கல்லில் குடிகொண்ட முருகனுக்கு அங்கே மரத்தில் மண்டபம் அமைந்தது. அம்மரமும் அறுநூறு ஆண்டு மரபைத் தாங்கி நிற்கிறது.

கூரையின் காரணம்

பாலத்துக்குக் கூரை எதற்கு? நடப்போர் மழையில் நனையாதிருக்க என்பது பார்த்தவுடன் தோன்றும் விடை. ஆற்றைக் கண்டு குதிரைகள் மிரளாதிருக்க என்று அமெரிக்க நாட்டுப்புறத்தில் ஒரு விளக்கம் வழங்குகிறது. இவை கூரையால் விளைந்த நன்மைகளே தவிரக் கூரை வேய்ந்ததற்கு மூலகாரணம் ஆகா. கூரை முதலில் காப்பது மனிதனை அன்று, பாலத்தை.

மரம் கெடுவது எப்படி என்பதை அறிந்தால் இது விளங்கும். மரத்தைத் தின்னும் பூஞ்சணம் தழைக்க, கட்டையின் உலர்ந்த எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஈரம் அதில் தங்கியிருக்க வேண்டும், காற்றும் வேண்டும். முற்றும் உலர்ந்த கட்டையில் ஈரம் இல்லை. நீருக்குள் முற்றும் அமிழ்ந்து கிடக்கும் கட்டைக்குக் காற்று இல்லை. இரண்டும் நெடுங்காலம் நிற்கும். மாறி மாறி நனைந்தும் காய்ந்தும் வரும் கட்டையே விரைவில் இற்றுப்போவது. அதிலும் கழுந்தும் துளையும் சேரும் மூட்டுகளில் மழைநீர் புகுந்தால் வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கும். கட்டையின் வெட்டுவாயோ பக்கவாட்டைக் காட்டிலும் பன்மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். பாலத்தின் பலமெல்லாம் மூட்டுகளில் இருக்க, அழிவும் அங்கிருந்தே தொடங்குகிறது. இரும்பாணி அறைந்தாலோ, ஈரத்தில் அது துருப்பிடித்துத் தன்னைச் சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். போகொடத் தச்சர் மரமுளையோடு நின்றதில் உள்ள விவேகம் இதுதான். தளத்துப் பலகை தேய்ந்தால் ஒரு நாளில் மாற்றிவிடலாம்; பாரம் சுமக்கும் சட்டங்களின் மூட்டு இற்றால் பாலமே போய்விடும். ஆகவே மாற்றுவதற்கு அரிதானதைக் காப்பதற்கு, மாற்றுவதற்கு எளிதான ஓட்டையும் கைமரத்தையும் மேலே வைத்தனர்.

இந்த நியாயத்தை மேனாட்டார் கணக்கிட்டுப் பேசிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில், ஸ்கூயில்கில் ஆற்றின் மேல் திமோதி பால்மர் என்ற தச்சர் கட்டிய பெரிய மரப்பாலம் 1805இல் திறக்கப்பட்டபோது, அதை அமைத்த குழுமத்தின் தலைவராயிருந்த நீதிபதி ரிச்சர்டு பீட்டர்ஸ் அதற்குக் கூரையும் பக்கச் சுவரும் வேண்டும் என்று வற்புறுத்தினார். பால்மரும் அதற்கு இசைந்து, மூடாத மரப்பாலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டே தாங்கும், மூடியதோ முப்பது நாற்பது ஆண்டு தாங்கும் என்ற கருத்தைத் தெரிவித்தார். அவர் சொன்னது மிகக் குறைந்த மதிப்பு என்பதைப் பின்வந்த காலம் காட்டியது. அந்த நாட்டில் தியடோர் பர் வளைவையும் சட்டக் கோப்பையும் இணைத்த ஒரு முறைக்கும், இத்தியேல் டவுன் 1820இல் பலகைகளைக் குறுக்கு மறுக்காகப் பின்னி மரமுளையால் பிணைக்கும் ஒரு முறைக்கும், வில்லியம் ஹோ 1840இல் மரத்தோடு இரும்புக் கம்பியைச் சேர்க்கும் ஒரு முறைக்கும் காப்புரிமை பெற்றனர். டவுன் முறையில் சாதாரண ஊர்த்தச்சர்களே பாலம் கட்ட முடிந்தபடியால் கூரைப் பாலங்கள் அங்கே ஆயிரக்கணக்கில் பெருகின. கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் உள்ள ஹார்ட்லண்ட் பாலம் 1901இல் கூரையின்றித் திறந்த நிலையில் கட்டப்பட்டு, 1922இல் கூரை பெற்று, 391 மீட்டர் நீளத்தோடு உலகின் கூரைப் பாலங்களுள் மிக நீண்டது என்ற பெயருடன் இன்றும் பயன்பட்டு வருகிறது.

கூரை இல்லாதவற்றின் கதி எப்படி என்பதற்கும் இலங்கையிலேயே உதாரணம் உண்டு. பேராதனையில் மகாவலி கங்கையின் மேல், 1833இல், ஆங்கிலேய இராணுவ அதிகாரி ஜான் பிரேசரின் திட்டப்படி முதிரை மரத்தால் ஒரே வளைவாக 205 அடி அகலம் தாண்டி ஒரு பாலம் அமைந்தது. முதிரை, வைரம் பாய்ந்த உயர்ந்த மரம். பாலமும் அக்காலத்துப் பிரயாணிகளால் பெரிதும் மெச்சப்பட்டது. இருந்தும், மேலே மூடுகை இன்றி மழையை ஏற்று நின்ற அது 1905இல் கழற்றப்பட்டு இரும்புக்கு இடம் கொடுத்தது. மரத்தின் தரத்தில் குறைவு இல்லாதபோதும் எழுபத்திரண்டு ஆண்டோடு அதன் வாழ்வு முடிந்தது என்பதையும், போகொடயின் நெடுவாழ்வையும் அருகருகே வைத்துப் பார்ப்போர் கூரையின் மதிப்பை ஒருவாறு உணர்வர். பேராதனைப் பாலம் தாங்கிய போக்குவரத்தும் அதன் வளைவின் அகலமும் போகொடப் பாலத்தினும் மிகப் பெரியவை என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். ஆனால் பாரத்தோடு மழையும் சேர்ந்தே மூட்டுகளைத் தளர்த்துவது.

பாலமும் தருமமும்

கூரை வந்தவுடன் பாலத்தின் தன்மை மாறிவிடுகிறது. கடந்து போகும் இடமாக இருந்தது தங்கும் இடமாகிறது. சீனாவில் பூஜியன், ஜெஜியாங் மாகாணங்களின் மலைப்பகுதிகளிலும், தோங் இன மக்கள் வாழும் குவாங்சியிலும் உள்ள கூரைப் பாலங்களின் இருபுறமும் நீள இருக்கைகள் உண்டு. ஊரார் மாலையில் கூடிப் பேசுவதும் வழிபடுவதும் அங்கேதான். வியட்நாமில் ஹோய் ஆன் துறைமுகத்தில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டி, அங்கே வாணிகத்துக்கு வந்து குடியேறிய ஜப்பானியர் கட்டிய பாலத்தோடு ஒரு சிறு கோயிலே இணைந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லூசேர்ன் நகரத்தில் 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய கூரைப் பாலத்தின் உட்கூரை முக்கோணங்களில், 17ஆம் நூற்றாண்டில், அந்நகரத்துச் சரித்திரத்தையும் சமயப் பெரியோர் வரலாற்றையும் ஓவியமாகத் தீட்டி வைத்தனர்.

இந்த மனோபாவம் நமக்குப் புதிதன்று. வழிநடப்போருக்குச் சத்திரமும் சாவடியும், கோடையில் தண்ணீர்ப் பந்தலும், தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல்லும் அமைத்துக் கொடுத்தது தமிழர் மரபு. சிங்களரும் தம் பாதைகளில் அமைத்த தங்கும் மண்டபத்தை அம்பலம் என்றே அழைக்கின்றனர். பாலம் கட்டுவதும் இத்தகைய தருமங்களுள் ஒன்றாகவே கருதப்பட்டது. சென்னையில், ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் 1726இல் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுச் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டினார். பரங்கிமலை மேல் ஏறும் யாத்திரிகருக்காகப் படிக்கட்டும் அவரே அமைத்தார். ஆற்றைக் கடக்கும் பாலமும் மலையில் ஏறும் படியும் ஒரே புண்ணியத்தின் இரண்டு பகுதிகள் என்று அந்த அந்நியர் கருதியதை, 365 படிகளின் வழியே மலையேறிப் பழகிய திருத்தணி வாசிகள் எளிதில் புரிந்துகொள்வர். திருநெல்வேலியில் சுலோசன முதலியார் தம் பொருளைக் கொடுத்துத் தாமிரபரணிக்குக் கட்டுவித்து 1843இல் திறக்கப்பட்ட பாலமும் இவ்வகைப்பட்டதே.

அவ்விரண்டும் மரத்தால் ஆகாமல் நிலையான கட்டுமானமாக எழுந்தன. தருமசிந்தையும் தச்சுத்திறனும் குறைவின்றி இருந்த தமிழ்நாட்டில் கூரை வேய்ந்த மரப்பாலம் ஏன் தோன்றவில்லை என்ற கேள்விக்கு விடை நம் ஆறுகளின் இயல்பில் இருக்கிறது. திருத்தணி நந்தியையே எடுத்துக்கொள்வோம். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் சில நாள் பெருகி, கொசஸ்தலையாற்றோடு சேர்ந்து பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கி ஓடும் சிற்றாறு அது. இத்தகைய ஆறுகளை வறண்ட காலத்தில் மணலில் இறங்கியே கடந்துவிடலாம். வெள்ளக் காலத்தில் காத்திருக்கலாம். பாலாறு போன்ற பேராறுகளோ அகலத்தால் மரத்துக்கு அடங்காதவை. பரிசலும் தோணியுமே அங்கு உதவின. கூரைப் பாலம் தோன்றிய இடங்கள் பெரும்பாலும் மலைநாடுகள். கரைகள் நெருங்கி, நீர் ஆண்டு முழுதும் வேகமாக ஓடி, சுற்றிலும் காடு மிகுந்து, மழையும் பனியும் அடிக்கடி பெய்யும் இடங்கள். காஷ்மீரத்தில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் காலத்தில் 1427இல் ஜீலம் நதிக்கு அமைத்த ஜைனா கதல் பாலம் தேவதாரு மரங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கல் நிரப்பிய தூண்களின் மேல் நின்றதும் அம்மண்ணுக்கு ஏற்ற உபாயமே. தென்காசிக்கு மேற்கே மலைதாண்டிக் கல்லடையாற்றின் மேல் 1877இல் முடிந்த புனலூர்த் தொங்குபாலம், இரும்புச் சங்கிலியில் மரப்பலகைத் தளத்தைத் தாங்கி, இன்று வண்டிகள் செல்லாத பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருக்கிறது. கூரையற்ற அதன் பலகைகளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியே வந்திருக்கிறது.

பூங்காவில் வைத்த பாலம்

போக்குவரத்து மாறி, மோட்டார் வாகனங்கள் பெருகி, பழைய மரப்பாலம் பாரம் தாங்காது என்று விலக்கப்படும் காலம் வந்தபின் அதை என்ன செய்வது? அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள மாடிசன் மாவட்டம் இதற்கு ஒரு விடை கண்டது. அங்கே ஒருகாலத்தில் 19 கூரைப் பாலங்கள் இருந்தன. இன்று நிற்பவை ஆறு. அவற்றுள் எலி காக்ஸ் என்பவர் 1870இல் கட்டிய கட்லர் டோனஹோ பாலத்தை, சரியாக நூறு ஆண்டு கழித்து 1970இல், இருந்த இடத்திலிருந்து பெயர்த்தெடுத்து வின்டர்செட் நகரத்தின் பொதுப் பூங்காவில் நிறுவினர். 79 அடி நீளமுள்ள அது இன்று பூங்காவுக்கு வருவோர் உள்ளே நடந்து பார்க்கும் பொருளாக இருக்கிறது. அதே மாவட்டத்தில் 1883இல் தோன்றிய சீடர் பாலம் 2002இல் தீயிடப்பட்டு எரிந்தது. மறுபடி கட்டப்பட்டு, 2017இல் மீண்டும் எரிந்தது. மூன்றாம் முறையும் கட்டினர்.

தன் ஆற்றை விட்டுப் பூங்காவுக்குப் போன பாலம் பாலமாகுமா என்று கேட்பவர் உண்டு. பாலத்தின் பொருள் அது இணைக்கும் இரு கரைகளிலும் அதன் வழியே செல்லும் பாதையிலும் உள்ளது. அவற்றை இழந்தபின் எஞ்சுவது தச்சுவேலையின் மாதிரி மட்டுமே என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அம்மாவட்டத்தில் காக்கப்படாத 13 பாலங்கள் இன்று எங்கும் இல்லை என்பதும் உண்மை. இடம் மாறினாலும் மூட்டு மாறவில்லை. நூறு ஆண்டுக்கு முந்தைய தச்சன் எந்தச் சட்டத்தை எந்தச் சட்டத்தோடு எவ்வாறு பொருத்தினான் என்பதை நாளைய தச்சன் கைவைத்துப் பார்த்தறிய அங்கே வழியுண்டு. ஆகவே, இருந்த இடத்தில் பயன்பாட்டோடு காப்பது முதல் தரம். அது கூடாதபோது பூங்காவில் காப்பது இரண்டாம் தரம். ஆவணமும் இன்றி அழியவிடுவது எத்தரத்திலும் சேராதது என்று வகுத்துக்கொள்வதே தக்கது.

நீருக்கு அடுத்தபடியாக மரத்தின் பகைவன் தீ. பீட்டர்ஸ் கூரை வேயச் சொன்ன பிலடெல்பியாப் பாலம் 1875இல் எரிந்தே அழிந்தது. லூசேர்ன் பாலத்தின் பெரும்பகுதியையும் அதன் ஓவியங்களில் மிகப் பலவற்றையும் 1993ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஓர் இரவில் தீ உண்டது. நகரத்தார் எட்டு மாதத்துக்குள் மீண்டும் கட்டி 1994 ஏப்ரலில் திறந்துவிட்டனர். சீனாவின் பூஜியனில் மிக நீண்ட மரவளைவுப் பாலமாக விளங்கிய வான்ஆன் பாலம் 2022 ஆகஸ்டில் எரிந்தது. இவ்வாறு எரிந்தபின் கட்டியது பழைய பாலமா, புதிய பாலமா?

கல்லையே கட்டடமாகக் கண்டு பழகிய ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் இதற்குப் புதியது என்றே விடை கூறி வந்தனர். மூலப்பொருள் மாறினால் பழமை போயிற்று என்பது அவர்கள் கொள்கை. ஜப்பானில் இசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டி எழுப்பும் வழக்கம் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகத் தொடர்ந்து வருவதை அக்கொள்கையால் விளக்க இயலவில்லை. 1994இல் ஜப்பானின் நாரா நகரத்தில் கூடிய அறிஞர்கள் வெளியிட்ட ஆவணம், ஒரு நினைவுச் சின்னத்தின் உண்மைத்தன்மையை அதன் பொருளைக் கொண்டு மட்டுமின்றி, வடிவம், பயன், கைமுறை, சூழல் இவற்றையும் அந்தந்த நாட்டுப் பண்பாட்டையும் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் சீனத்து மரவளைவுப் பாலங்களைக் கட்டும் கைமுறையை, அவசரமாகக் காக்கவேண்டிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தபோது, பட்டியலில் இடம்பெற்றது எந்தப் பாலமும் அன்று; அதைக் கட்டத் தெரிந்த தச்சரின் அறிவு.

நமக்குரிய பாடம்

உலகம் 1994இல் வந்து சேர்ந்த முடிவு நம் பாட்டனாருக்குத் தெரிந்த செய்தியே. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்காட்டும் வழக்கமும், ஜீர்ணோத்தாரணம் என்று ஆகமங்கள் கூறும் புதுப்பிக்கும் விதியும் அதைத்தான் சொல்கின்றன. திருவாரூர் ஆழித்தேர் 1926இல் எரிந்தது. 1930இல் புதிய தேர் ஓடிற்று. பின்னாளில் திருச்சி பெல் நிறுவனத்தார் அதற்கு இரும்புச் சக்கரமும் நவீனத் தடையும் பொருத்தினர். இவ்வளவுக்குப் பின்னும் அப்பர் காலத்திலிருந்து வரும் ஆழித்தேர் அதுவே என்பதில் வடம் பிடிக்கும் எவருக்கும் சந்தேகம் இல்லை. போகொடப் பாலத்தின் வயதைப் பற்றி மேலே சொன்ன இடர்ப்பாடும் இந்நோக்கில் தீர்ந்துவிடுகிறது. இணைப்பு முறையும் கூரையும் இடமும் பயனும் தொடர்ந்து வருமளவும் பாலம் பழையதே.

ஆனால் இக்கொள்கையில் ஓர் அபாயம் இருக்கிறது. மாற்றத் தெரிந்த தச்சன் இருக்கும்வரைதான் மாற்றிக்கொண்டே காக்க முடியும். அவன் இல்லாதபோது மாற்றுவது அழிப்பதற்குச் சமானம். கழுந்து இருந்த இடத்தில் இரும்புப் பட்டையும், பலா இருந்த இடத்தில் சிமெண்டும் புகுந்து, வெளித்தோற்றம் மட்டும் மிஞ்சும். நம் தேர்களுக்கும் வாகனங்களுக்கும் இப்போது நேர்ந்துவருவது இதுவே. இலுப்பையும் வேங்கையும் தேக்கும் கொண்டு செய்த தேர்கள் ஆண்டில் ஒரு நாள் ஓடிவிட்டு, மிச்ச நாளெல்லாம் தகரத்தால் நெருக்கி மூடப்பட்டு நிற்கின்றன. தகரம் மழையைத் தடுக்கிறது. அதனோடு காற்றையும் தடுத்து உள்ளே புழுக்கத்தை வளர்க்கிறது. கூரைப் பாலத்தைக் கட்டியவர்கள் மேலே மூடி, பக்கத்தில் காற்றுக்கு வழிவிட்டு, அடியில் ஈரம் ஏறாதபடி உயர்த்தி வைத்தார்கள். இம்மூன்றையும் ஒருங்கே செய்தால்தான் மரம் நிலைக்கும். ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்படா.

ஆகவே, கோயில் நிர்வாகிகளுக்கும், திருத்தணி போன்ற தலங்களில் வாழும் பொதுமக்களுக்கும் சொல்ல வேண்டியது மிக எளியது. ஒவ்வொரு கோயிலிலும் உள்ள தேர், சப்பரம், வாகனம், மரக்கதவு, மரமண்டபம் ஆகியவற்றை அளந்து, எந்த மரம், எவ்வகை மூட்டு என்று குறித்து வரைபடமாக்கி வைக்கவேண்டும். மாமல்லபுரத்தில் 1957 முதல் நடந்துவரும் அரசினர் சிற்பக் கல்லூரி மாணவர்களுக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி வேறில்லை. தேருக்குத் தகரப் பெட்டிக்குப் பதிலாக உயர்ந்த, காற்றோட்டமுள்ள, நிலையான கூரை அமைக்கவேண்டும். பழுதுபார்க்கும் வேலையைக் குறைந்த விலை சொல்லும் ஒப்பந்தக்காரருக்கு விடாமல், தேர்வேலை பரம்பரையாக அறிந்த தச்சருக்குக் கொடுத்து, அவரிடம் இளைஞர் சிலரைத் தொழில் பழகவும் வைக்கவேண்டும். கதிர்காமத்துக்கு யாத்திரை போகும் அன்பர்கள் திரும்பும் வழியில் ஒரு நாளை எம்பெக்கேக்கும் போகொடவுக்கும் ஒதுக்கினால், மரத்தை அநித்தியம் என்று கைவிடத் தேவையில்லை என்பதைக் கண்ணாரக் காண்பார்கள். மரம் தானாக நிலைப்பதில்லை. அதைக் காக்கும் கடமையை ஒரு தலைமுறை அடுத்த தலைமுறைக்குக் கைம்மாற்றிக் கொடுக்கும் ஊரில் மட்டுமே அது நிலைக்கிறது.